ஊத் எண்ணெயில் மாட்டுக்கொட்டகை வாடை: ஏமாந்துவிட்டேனா?

காலடிப்பேட்டை கணக்கன்:

வணக்கம். வீடு காலடிப்பேட்டை, வேலை லிங்கிச்செட்டித் தெருவில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். தங்கை வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது சுண்டுவிரல் அளவு அத்தர் சீசா ஒன்றைக் கையில் வைத்து, "அசல் ஹிந்தி ஊத் மச்சான், பார்த்துப் போடுங்க" என்றார். 3 மில்லிதான். பெட்டிக்குள் இருந்த பில்லை எடுக்க மறந்துவிட்டார் போல. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 18,000 ரூபாய்!

மறுநாள் வழக்கமாக சென்ட் அடிப்பதுபோல இரண்டு மணிக்கட்டு, கழுத்து, வெள்ளைச் சட்டைக் காலர் என்று தாராளமாகத் தடவிக்கொண்டு கிளம்பினேன். வாசலிலேயே மனைவி, "எந்தத் தொழுவத்துல படுத்து எழுந்தீங்க?" என்றாள். மெட்ரோவில் தண்டையார்பேட்டை வருவதற்குள் பக்கத்து சீட்காரர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்.

ஆனால் சாயந்திரம் சட்டையைக் கழற்றும்போது காலரில் வேறொரு வாசனை. பாட்டி வீட்டு மரப்பீரோவைத் திறந்தால் வருமே, அது. கூடவே கொஞ்சம் தேன், கொஞ்சம் புகையிலை. நாலு தடவை மோந்து பார்த்தேன். போன வருஷம் மாலில் வாங்கிய 'ஊத்' ஸ்ப்ரே அடித்தவுடனே ரோஜாவும் வெனிலாவுமாக இனித்தது. இது அப்படி இல்லை. போலியா, இல்லை இதன் லட்சணமே இதுதானா?

பஜார் ராஜா:

போலிதான் ப்ரோ. பர்மா பஜார் பக்கம் வாங்க, 250 ரூபாய்க்கு இதைவிட நல்லா மணக்கிற ஊத் கிடைக்கும். மாப்பிள்ளை தலையில் யாரோ நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க.

அத்தர்கடைப் பிள்ளை:

ராஜா சொல்வதைக் கேட்டு அந்தச் சீசாவை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் மாட்டுக்கொட்டகைதான் ஹிந்தி ஊதின், அதாவது நம்ம இந்திய ஊதின், அடையாளம்.

மண்ணடியில் என் வாப்பாவுக்கு ஆறடி அகலத்தில் ஒரு அத்தர் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் உட்காருவேன். ஊத் கேட்டு வருகிறவருக்குக் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரே ஒரு கோடு இழுப்பார். அவர் உடனே மூக்குக்குக் கொண்டுபோனால் கையைத் தட்டிவிடுவார். "போய் டீ குடிச்சிட்டு, பாரிமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க பாய். அப்புறம் பேசலாம்." பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வந்தவர்கள் விலை பேசமாட்டார்கள்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஊத் என்பது நம்ம அகில்தான். அக்விலேரியா என்கிற இன மரம். ஆரோக்கியமான மரத்தை வெட்டினால் வெளிர்நிறமாக, லேசாக இருக்கும், ஒரு மணமும் கிடையாது. காயம்பட்டு, பூஞ்சை பிடித்து, அதை எதிர்க்க மரம் ஒரு பிசினைச் சுரக்க வேண்டும். வருஷக்கணக்கில் அது ஊறி ஊறிக் கட்டை கறுத்துக் கனக்கும். நல்ல கட்டை தண்ணீரில் மூழ்கும். அந்த நோய்க்குத்தான் விலை. காட்டில் வெட்டித் தீர்த்ததால் அஸ்ஸாமில் வளரும் வகையை 1995இலேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது தோட்டத்தில் மரத்தைத் துளைபோட்டு, வேண்டுமென்றே நோய் வரவைக்கிறார்கள்.

அஸ்ஸாமில் ஹோஜாய் பக்கம் இந்தக் கட்டையைத் தூளாக்கி, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் காய்ச்சி எண்ணெய் வடிப்பார்கள். இட்லி மாவு புளிக்கிற மாதிரி அது புளிக்கும். உங்கள் மனைவி கண்டுபிடித்த தொழுவம் அங்கே பிறந்தது. அரபு நாட்டில் அதற்காகவே கொட்டிக்கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்போடிய ஊத் இப்படி மிரட்டாது, பழ வாசனையோடு இனிப்பாக ஆரம்பிக்கும். புதிதாகப் போடுகிறவருக்கு அதைத்தான் வாப்பா முதலில் காட்டுவார்.

மால் ஸ்ப்ரே வேறு ஜாதி. 2007இல் டாம் ஃபோர்டு என்கிற அமெரிக்கக் கம்பெனியின் 'ஊத் வுட்' சென்ட் வந்து பேர் வாங்கிய பிறகு ஆளாளுக்குப் பாட்டிலில் 'ஊத்' என்று எழுத ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் அது ஆய்வகத்தில் செய்த மணம். மோசம் என்று சொல்லமாட்டேன், கல்யாண வீட்டுக்கு நானும் அதைத்தான் அடித்துக்கொண்டு போகிறேன். ஆனால் காலையில் அடித்த அதே மணம்தான் சாயந்திரமும் மிச்சமிருக்கும், கொஞ்சம் இளைத்துப்போய். உங்கள் சீசா அப்படியில்லை: தொழுவம், தோல், கட்டை, கடைசியில் அந்தத் தேன். காசு அந்தப் பயணத்துக்கு.

இன்னொன்று. ஊதுபத்தி என்று சொல்கிறோமே, அந்த ஊது இந்த ஊத்தான். அரபியில் கட்டை என்று அர்த்தம். ஊதி அணைப்பதால் வந்த பேர் என்று நான் பத்தாவது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போடும் விதம்: குளித்து ஈரம் துவட்டியதும், பனியனுக்குள் நெஞ்சில் ஒரு கோடு. அவ்வளவுதான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மற்றதை உடம்புச் சூடே தூக்கிக் கொடுத்துவிடும். எரித்துப் பார், காகிதத்தில் தடவிப் பார் என்றெல்லாம் அசலைச் சோதிக்க வழி சொல்வார்கள், நம்பவேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே கருவி மூக்கு.

பெரம்பூர் டீச்சர்:

பக்கத்து சீட்காரருக்காகவும் ஒரு வார்த்தை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் இதைப் போட்டுக்கொண்டு வந்தால் எனக்கு மதியத்துக்குள் தலைவலி. எவ்வளவு அசல் என்றாலும் ஏசி அறைக்குள் அளவாகப் போடுங்கள் சார்.

காலடிப்பேட்டை கணக்கன்:

பாய், நன்றி. நேற்று நெஞ்சில் ஒரே கோடு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சோறு போடும்போது மட்டும், "இன்னிக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டாள். அதே சீசா என்றேன், நம்பவில்லை.

ஒரு சந்தேகம். அந்த வெள்ளைச் சட்டைக் காலரில் பழுப்பாக ஒரு கறை. இரண்டு தடவை சோப்பு போட்டாயிற்று. எதில் போகும்?

அத்தர்கடைப் பிள்ளை:

போகாது. துவைக்காமல் பீரோவில் வையுங்கள்.