பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கல்லை அறுத்தால் மாஸ்க் வேண்டாமாம்!

மட்டப்பலகை:
டைல்ஸ் ஒட்டுவது பற்றிய இழையில் நம்ம பழைய கொத்து அண்ணன் நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். நான் திரித்துவிட்டேன் என்று பிறகு சொல்லக்கூடாது, அதனால் அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கல்லோ கான்கிரீட்டோ, பக்கத்தில் ஒரு ஆள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தூசே கிளம்பாது. மாஸ்க் எல்லாம் இன்ஜினியர் போட்டோ எடுக்க வரும்போது போடுவது."

இதற்குக் கீழே கைதட்டல் வேறு.

அண்ணே, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சித்தாள் ஒருவர் குனிந்து பிளேடு பக்கமாகப் பீய்ச்சுவாரே, அந்தப் பாட்டிலைத்தானே சொல்கிறீர்கள்? அதில் பாதி தரைக்குப் போகிறது, மீதியில் பாதி அவர் கால் மேலேயே விழுகிறது. அறுப்பவரின் முகமாவது கொஞ்சம் தள்ளி இருக்கும், ஊற்றுபவரின் முகம் பிளேடுக்கு நேர் எதிரே. அவருக்கு மாஸ்கும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. கல்லையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. அந்தத் தூசால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிக்கோசிஸ், அது வந்தால் நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் அது பாட்டுக்கு முற்றும். இதைத் தெரிந்துகொண்டுதான் பாட்டில் போதும் என்கிறீர்களா?

பழைய கொத்து:
வாங்க சார். ரொம்ப நாளாக ஆளைக் காணோமே என்று பார்த்தேன். சைட்டில் கையில் பலகையும் சட்டையில் பேனாவும் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கு எங்கள் தூசு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். நான் கல் அறுக்கிற கை. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசு எழும்பாது, சேறாக வழியும். இதைக் கண்ணால் பார்க்கலாம், கட்டுரை படிக்க வேண்டியதில்லை.

கட்டுரைதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்புத் துறையான ஓஷா 2016-இல் போட்ட சிலிக்கா விதியில் அட்டவணை 1 என்று ஒன்று உண்டு, படித்திருக்கிறீர்களா? கையில் பிடிக்கும் பவர் ரம்பம், தண்ணீர், திறந்த வெளி, ஒரு ஷிப்டில் 4 மணி நேரம் வரை: மாஸ்க் தேவையில்லை. நான் எழுதியது இல்லை, அவர்கள் எழுதியது. இப்போது சொல்லுங்கள், யார் முத்து உதிர்த்தது?

மட்டப்பலகை:
அட்டவணையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அதே வரியில் தண்ணீர் எப்படி வர வேண்டும் என்றும் இருக்கிறது. மெஷினோடு சேர்ந்த குழாய், பிளேடுக்கு நிற்காமல் தண்ணீர். பாட்டில் இல்லை! அடுத்த வரியில் என்ன இருக்கிறது? அறைக்குள் அறுத்தால் முதல் நிமிடத்திலிருந்தே மாஸ்க். உங்கள் வேலையில் எத்தனை கல்லை வெளியில் வைத்து அறுக்கிறீர்கள், எத்தனையைக் குளியலறைக்குள் உட்கார்ந்து அறுக்கிறீர்கள்?

பழைய கொத்து:
தண்ணீர் என்றால் தண்ணீர்தானே சார். குழாயில் வந்தோமா பாட்டிலில் வந்தோமா என்று தண்ணீருக்குத் தெரியுமா?

ஈரக்கை:
😂😂 அண்ணன் சொன்னது நெத்தியடி.

மட்டப்பலகை:
தண்ணீருக்குத் தெரியாது, பிளேடுக்குத் தெரியும். இங்கிலாந்தின் வேலைப் பாதுகாப்புத் துறை கட் ஆஃப் ரம்பத்துக்கு நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் என்று சொல்கிறது. ஒரு லிட்டர் பாட்டில் எத்தனை நிமிடம் வரும்? இரண்டு. உங்கள் ஓட்டை மூடிப் பாட்டில் இரண்டு நிமிடத்தில் காலியாகிறதா? ஐந்து நிமிடம் வருகிறது என்றால் தேவையானதில் பாதிகூட ஊற்றவில்லை என்று அர்த்தம். சித்தாள் நிரப்பப் போகும்போது மெஷினை நிறுத்துகிறீர்களா? நான் பார்த்தவரை யாரும் நிறுத்துவதில்லை, "சீக்கிரம் வாடா" என்ற சத்தம்தான் கேட்கும், அந்த நேரம் முழுக்கக் காய்ந்த அறுப்பு.

பழைய கொத்து:
இரண்டு பாட்டில் வைத்திருப்போம். வேறு ஏதாவது?

எர்த் ஒயர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எலக்ட்ரிக்கல் ஆள். நீங்கள் இரண்டு பேரும் நுரையீரலைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது கெடப் பத்து வருடம் ஆகலாம். சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுகிறானே, அவன் ஒரு நொடியில் போய்விடுவான். அந்த மெஷின் தண்ணீருக்குச் செய்தது இல்லை. காற்று போகும் துளை வழியாக மோட்டாருக்குள் போகும். ஒயரில் மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப், பிளக் கிடையாது, இரண்டு ஒயரையும் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள், கீழே சேறு, வெறுங்கால். மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பழைய கொத்து:
பாருங்கள் மட்டப்பலகை, உங்கள் ஆளே சொல்லிவிட்டார், தண்ணீர் ஆபத்தாம். ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம். அப்போ கல்லைப் பல்லால் கடித்து உடைக்கவா?

எர்த் ஒயர்:
நான் யாருடைய ஆளும் இல்லை. தண்ணீருக்கென்றே செய்த மெஷின் இருக்கிறது, அதை வாங்குங்கள் என்கிறேன். இல்லையா, பிளேடைச் சுற்றி உறை மாட்டி அதிலிருந்து வாக்குவம் குழாயை இழுங்கள். ஒயர் பதிக்கச் சுவரில் காடி எடுக்கும்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய கொத்து:
"நாங்கள்" என்றால் யார்? காடி எடுத்துவிட்டு, குப்பையை அள்ளாமல், எங்கள் பூச்சையும் பெயர்த்துவிட்டுப் போகிற அந்த "நாங்கள்" தானே? சுவரை வெட்டும் எலக்ட்ரீஷியன் வாக்குவம் வைத்து நான் பார்த்ததே இல்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேய் மாதிரி வெள்ளையாக வெளியே வருவான். அவனிடம் போய்ச் சொல்லுங்கள் முதலில்.

எர்த் ஒயர்:
பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தால் அதற்கு எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்? கலவையில் சிமென்ட் போட்டிருக்க வேண்டும்.

பழைய கொத்து:
வாயை அளந்து பேசவும்.

கல்வீட்டுப் பிள்ளை:
துண்டு என்றதும் சொல்லத் தோன்றியது. என் சித்தப்பா கல் வேலைதான். வாழ்நாள் முழுக்க ஈரத் துண்டு கட்டித்தான் அறுத்தார். இருமல் வந்தது, டிபி என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், ஒரு கோர்ஸ் முடிந்து திரும்ப இன்னொரு கோர்ஸ். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் வேறு ஒரு டாக்டர்தான் கேட்டார், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு சிலிக்கோசிஸ் என்றார். அது இருப்பவர்களுக்கு டிபியும் எளிதில் வரும் என்றும் அவர்தான் சொன்னார். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.

பழைய கொத்து:
வருத்தமான விஷயம்தான் தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றினாரா, இல்லையா?

கல்வீட்டுப் பிள்ளை:
இதற்கு நான் என்ன பதில் சொல்வது.

பழைய கொத்து:
ஊற்றவில்லை என்பதுதான் பதில். துண்டு வேறு, தண்ணீர் வேறு. நான் சொல்வது நிரூபணமாகிறது.

மட்டப்பலகை:
என்ன மனுஷன்யா நீங்கள்! ஒருவர் வீட்டு நோயைச் சொல்கிறார், அதிலும் பாட்டிலைத்தான் தேடுவீர்களா?

சரி, கணக்காகவே பேசுவோம். சிலிக்காவுக்கு ஓஷா வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம், 8 மணி நேர சராசரி. வேலை செய்கிற ஆள் ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுப்பார். பெருக்கிப் பாருங்கள், நாள் முழுவதற்கும் அரை மில்லிகிராம். நகத்தில் வைத்தால் இருப்பதே தெரியாது. உள்ளே ஆழமாகப் போய்த் தங்கும் துகள் 4 மைக்ரான் அளவு, தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான். "தூசு எழும்பவில்லை, கண்ணால் பார்த்தேன்" என்கிறீர்களே, நீங்கள் பார்த்தது பெரிய துகள், அது தானாகவே கீழே விழும். உங்களைக் கொல்வது நீங்கள் பார்க்காதது. பாட்டில் அதைப் பிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பழைய கொத்து:
கண்ணுக்கே தெரியாததை நீங்கள் மட்டும் எப்படிப் பார்த்தீர்கள்?

ஈரக்கை:
சபாஷ் அண்ணே.

தாடிக்காரன்:
மாஸ்க் மாஸ்க் என்று ஒப்பாரி வைக்கிறவர்களுக்கு: என்95 போட்டு வெயிலில் கல் அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அரை மணியில் வேர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றித் தாடையில் மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் அறுக்கிறார்கள். அப்புறம் தாடி வைத்திருந்தால் மாஸ்க் பொருந்தாதாம், மழிக்க வேண்டுமாம். எங்கள் சைட்டில் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். தாடி என் சொந்த விஷயம்.

மட்டப்பலகை:
தாடி உங்கள் விஷயம், காற்று ஓரமாகப் புகுந்து உள்ளே போவது உங்கள் நுரையீரலின் விஷயம். மயிர் இருக்கும் இடத்தில் மாஸ்க் விளிம்பு முகத்தோடு ஒட்டாது, வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் இல்லை. தாடியும் வேண்டும் பாதுகாப்பும் வேண்டும் என்றால் மோட்டார் வைத்துத் தலைக்கு மேலிருந்து காற்று விடும் தளர்வான முகமூடி இருக்கிறது, அதைக் கேளுங்கள். முதலாளி வாங்கித் தர மாட்டார் என்பது வேறு கதை.

தாடிக்காரன்:
மறைமுகமாக என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது. தாடி வைத்தவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்கள், அப்படித்தானே?

மட்டப்பலகை:
எங்கே சொன்னேன்??

பழைய கொத்து:
சொன்னீர்கள். எல்லோரும் படித்தோம். மாஸ்க், பெரிய மாஸ்க், மோட்டார் மாஸ்க் என்று வரிசையாகச் சொல்கிறீர்களே, கடை ஏதாவது வைத்திருக்கிறீர்களா சார்? கேட்பதில் தப்பில்லையே.

நிழல்:
நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள், சமையலறை மேடைக்குப் போடுவார்களே, குவார்ட்ஸ் பலகை. அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். கிரானைட்டில் அதில் பாதிகூட இல்லை, மார்பிளில் மிகக் குறைவு. ஆக எந்தக் கல் என்று சொல்லாமல் பாட்டில் போதுமா போதாதா என்று அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது?

மட்டப்பலகை:
அதேதான்! தண்ணீர் போதும் என்றால் ஆஸ்திரேலியா ஏன் தடை செய்கிறது? அங்கே பாட்டில் கிடைக்காதா?

பழைய கொத்து:
அது செயற்கைக் கல், நான் சொன்னது டைல்ஸ்.

மட்டப்பலகை:
"கல்லோ கான்கிரீட்டோ" என்று எழுதியது யார்? மேலே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பழைய கொத்து:
பேச்சு வழக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். டைல்ஸ் இழையில் எழுதினால் டைல்ஸ்தான். கம்பி துரு பற்றிய இழையிலும் இப்படித்தான் என் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் ஓட்டினீர்கள். கடைசியில் அந்தக் கம்பி எப்படி இருக்கிறது என்று இன்றுவரை படம் போடவில்லை. மறந்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம்.

மட்டப்பலகை:
கம்பி இழையில் படம் போடாதது நீங்கள்.

1930-இல் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை தோண்டினார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. வேலை வேகமாக ஆக வேண்டும் என்று தண்ணீர் விடாமல் துளை போட்டார்கள், மாஸ்கும் கொடுக்கவில்லை. பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். சில வருடங்களில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பத்து வருடம் கழித்து வரும் நோய் என்று நினைப்பவர்கள் இதைப் படியுங்கள், தூசு அதிகமாக இருந்தால் மாதக்கணக்கிலேயே வரும்.

பழைய கொத்து:
தண்ணீர் விடாமல் செத்தார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் முதலிலிருந்து என்ன சொல்கிறேன்? தண்ணீர் விடு என்கிறேன். உங்களுக்கும் எனக்கும் என்னதான் சண்டை?

மட்டப்பலகை:
பாட்டில்!!! பாட்டிலைச் சொல்கிறேன்!

ஈரக்கை:
பாட்டில் மேல் அவருக்கு என்ன கோபமோ 😂

கல்வீட்டுப் பிள்ளை:
ஊற்றின தண்ணீர் காய்ந்த பிறகு அந்தச் சேறு என்ன ஆகிறது என்று யாராவது சொல்லுங்கள். சாயங்காலம் அதைத் துடைப்பத்தால் கூட்டுவது அனேகமாக ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். பாட்டில் பிடித்த ஆளுக்குக்கூட இங்கே இரண்டு வரி கிடைத்தது.

பழைய கொத்து:
தெளித்துவிட்டுத்தான் கூட்டுவார்கள் தம்பி.

எர்த் ஒயர்:
எங்கே தெளிக்கிறார்கள்? கம்ப்ரசரை வைத்து ஊதுகிறார்கள், என் ஸ்விட்ச் பாக்ஸ் முழுக்க மாவு.

பழைய கொத்து:
மறுபடியும் ஸ்விட்ச் பாக்ஸா. இங்கே பாருங்கள், இத்தனை பேர் இத்தனை எழுதினீர்கள், ஒருவர்கூட நான் அறுப்பதை நேரில் பார்த்ததில்லை. நாளை ஒரு வேலை இருக்கிறது, வீடியோ எடுத்துப் போடுகிறேன். தூசு தெரிகிறதா என்று எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

மட்டப்பலகை:
கண்ணுக்குத் தெரியாதது போனில் தெரியுமா? இதைத்தானே ஒரு மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கொத்து:
பார்க்கப் பயமாக இருந்தால் பார்க்க வேண்டாம்.

எர்த் ஒயர்:
வீடியோ போடுங்கள், ஆனால் பிளக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பழைய கொத்து:
பிளக்கை உனக்கு ஏன் காட்ட வேண்டும்?

எர்த் ஒயர்:
தீக்குச்சி என்று நினைத்தேன், சரியாகப் போயிற்று.

தாடிக்காரன்:
என் கேள்விக்கு இன்னும் மட்டப்பலகை பதில் சொல்லவில்லை.