கூரைத் தளத்தில் மஞ்சள் வளையம், இப்போது வெடிப்பு: வண்ணம் அடித்தால் போதுமா?

மாம்பலம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு 1994-இல் கட்டப்பட்டது. மாடிப் படுக்கையறையின் கூரைத் தளத்தில், மின்விசிறிக் கொக்கியிலிருந்து ஒரு முழத் தொலைவில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையின்போது தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற ஒரு வளையம் தோன்றியது. கோடையில் ஈரம் வற்றிவிட்டதால் பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட்டோம். மறு மழைக்கு அதே இடம் கொப்புளமாக உப்பியது. விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இந்த ஆண்டு நூல் பிடித்தாற்போல் இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு விட்டு, அதன் ஓரமெல்லாம் செம்பழுப்பாகக் கசிந்திருக்கிறது. ஆனால் மொட்டை மாடியில் அதற்கு நேர் மேலே உள்ள தட்டோடுகளில் ஒரு கீறல்கூட இல்லை. உள்பக்கம் நீர்புகாப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்று வண்ணம் அடிப்பவர் சொல்கிறார். நம்பலாமா?

தளவாட்டம்:
கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள், மற்றவை பிறகு.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள். தட்டோட்டுக்கு அடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்த அடுக்கு இருக்கும். அது மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான், வானம் வெளுத்த பிறகும் சில நாள்கள் கீழே ஈரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீர் வழியில் கரைத்துக்கொண்டு வந்த அழுக்கையும் உப்பையும் ஈரம் காயும் விளிம்பில் விட்டுச் செல்கிறது. அதுவே முதல் ஆண்டு நீங்கள் பார்த்த வளையம். உப்பு பூச்சுக்குள்ளேயே படிகமாகி வளரும்போது பூச்சைத் தள்ளிப் பொடியாக்குகிறது. இது இரண்டாம் ஆண்டு.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. வெடிப்பு நேர்க்கோடாக இருக்கக் காரணம், அது கம்பியின் தடம். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அதற்குப் பின் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டாவது இருக்க வேண்டும். அக்காலத்தில் பல இடங்களில் கவர் பிளாக் (கம்பி அடிப்பலகையில் படியாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமலே கான்கிரீட் போட்டார்கள் (நானே பலமுறை சண்டையிட்டிருக்கிறேன்). இந்த நிலையில் உள்பக்கம் நீர்புகாப் பூச்சு அடிப்பது, மேலிருந்து வரும் நீரை கம்பியைச் சுற்றியே தேக்கி வைப்பதாகும்.

கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் தளத்தின் மேற்பரப்பில் வாட்டம் உள்ள பக்கம் ஓடி, நுண்வெடிப்போ மின்குழாயோ கிடைத்த இடத்தில்தான் கீழே இறங்கும்.

பழையவீடு:
கோடையிலும் அந்த இடம் ஈரமாக இருந்ததா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் மழைநீர் என்று எண்ணி மாடி முழுவதும் தட்டோடு மாற்றிய பிறகுதான், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பு கசிவது தெரிந்தது. மாடியில் பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் நீர் தேக்கி இரண்டு நாள்கள் வைத்துப் பாருங்கள்.

தளவாட்டம்:
வெடிப்பு விட்ட தளத்தில் இப்போதைக்கு அது வேண்டாம். இரண்டு அங்குல நீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. முட்டுக் கொடுக்காமல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

மாம்பலம்வாசி:
கோடையில் அந்த இடம் முற்றிலும் உலர்ந்தே இருந்தது, ஐயா. நேற்று சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். வெடிப்பின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம், கறையிலிருந்து ஆறடி தள்ளி, எப்போதோ கழற்றிய டிஷ் ஆன்டெனாவின் நான்கு போல்ட்டுகள் தட்டோட்டைத் துளைத்தபடி நிற்கின்றன. பக்கத்து வேம்பின் சருகு மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருந்ததால், அந்த மூலையில் இன்னும் கணுக்கால் நனையும் அளவு நீர் நிற்கிறது.

தளவாட்டம்:
நீர் இறங்கும் வழி அந்த போல்ட் துளைகளாகத்தான் இருக்கும். இன்றே சருகை அகற்றி நீரை வடியவிடுங்கள். போல்ட் துளைகளைத் தற்காலிகமாக மூடுங்கள். மேலே உள்ள நிரந்தர வேலையைத் தை பிறந்து தளம் உலர்ந்த பிறகு செய்யலாம். அது முடிந்த பின்னரே கீழ்ப்பக்கத்தைத் தொட வேண்டும்: பானை ஓசை வரும் இடம், அதாவது கான்கிரீட் உள்ளே பிரிந்து நிற்கும் இடம், முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறமும் தெரியும்படி விட்டு, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். கம்பி மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மூடாதீர்கள். பட்டியும் வண்ணமும் அடுத்த ஐப்பசி கழியட்டும். மீண்டும் ஈரம் இறங்கினால், வெற்றுப் பூச்சில் முதல் மழைக்கே தெரிந்துவிடும்.