ஒரு செமஸ்டர் முழுக்கக் காகிதம் மடித்தோம். இதனால் என்ன பயன்?

காகிதக்கப்பல்:
கட்டடக்கலை முதலாண்டு மாணவன். செமஸ்டர் இப்போதுதான் முடிந்தது. ஆறு வாரம் காகிதம் மடித்தோம். நான்கு வாரம் துணிப்பைக்குள் பிளாஸ்டர் ஊற்றினோம். மீதி நாளெல்லாம் ஒரு தெருவை 'மேப்பிங்' செய்தோம், அதாவது அங்கே நடப்பதையெல்லாம் வரைபடமாக்கினோம். ஒரு வீட்டின் பிளான்கூட வரையவில்லை. கடைசி ஜூரியில் (வேலைகளை மதிப்பிடும் அமர்வு) என் பிளாஸ்டர் தூணைப் பார்த்து, "இதில் ஒரு பதற்றம் தெரிகிறது" என்றார் ஒருவர். பாராட்டா திட்டா என்று இன்னும் புரியவில்லை. வேறு கல்லூரியில் படிக்கும் நண்பன் இதே நாட்களில் படிக்கட்டு, கழிவறை அளவெல்லாம் கற்றுவிட்டான். பொருள், வடிவம், வரைபடம் என்று சுற்றும் இந்த ஸ்டூடியோ வேலைகளால் பிற்காலத்தில் ஏதாவது பயன் உண்டா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

செங்கோணம்:
மழுப்பாமல் சொன்னால், பெரும்பாலும் இல்லை தம்பி. பதினெட்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவில் மடித்த காகிதம் ஒன்று கட்டாயம் இருக்கும். கறுப்புப் பின்னணி, பக்கவாட்டு வெளிச்சம், அழகான நிழல். "இதையே கூரையாகப் போட்டால் இந்த இரண்டு மடிப்பும் சேரும் பள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

இதை ஆதரிப்பவர்கள் உடனே பௌஹவுஸைக் கொண்டுவருவார்கள், ஜெர்மனியில் இருந்த கலை, வடிவமைப்புப் பள்ளி. அந்தப் பள்ளி தொடங்கியது 1919இல். அங்கே கட்டடக்கலைக்கென்று தனித்துறை வந்தது 1927இல். காகிதம், பொருள் என்று கையால் செய்து பார்க்கும், நாம் இன்று நகலெடுக்கும் முன்பயிற்சி, கட்டடக்கலைத் துறையே இல்லாத காலத்தில் உருவானது. இதை யாரும் சொல்வதில்லை.

ஈரமண்:
பாதியை நீங்களும் சொல்லவில்லையே சார். முன்பயிற்சி முடித்தவர்கள் நேராகப் பட்டறைக்குப் போனார்கள். தச்சு, உலோகம், நெசவு என்று கையில் பொருளோடுதான் அடுத்த வருடங்களும் கழிந்தன.

நான் முதலாண்டு ஸ்டூடியோ எடுப்பவள், அதனால் என் பேச்சில் சார்பு இருக்கும். பௌஹவுஸில் முன்பயிற்சி எடுத்த ஜோசப் ஆல்பர்ஸ் வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் எழுதியது இது. எல்லாருக்கும் செய்தித்தாள் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொன்னார். கோட்டை, கப்பல், விமானம் எல்லாம் வந்தன. அவற்றை வேறு பொருளிலும் செய்யலாமே என்று தள்ளிவிட்டார். ஒருவர் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். அதைத்தான் ஆல்பர்ஸ் எடுத்துக் காட்டினார். படுத்துக் கிடக்கும் தாளில் ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும்; நின்றால் இரண்டு பக்கமும் தெரியும்.

என் வகுப்பில் முதல் வாரம் ஒரு தாள்தான். பசை கிடையாது. இரண்டு மேசைக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி, அதைத் தாண்டி ஒரு கைப்பேசியைத் தாங்க வேண்டும். எப்படியும் பாதிப் பேர் விசிறி மடிப்புக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் வேடிக்கை. ஒரே மாதிரி மடித்த இரண்டு தாளில் ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றொன்று தொய்யும். காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. மடிப்பு நாரோடு போனால் கோடு சுத்தமாக விழும், தாளும் விறைப்பாக நிற்கும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். மரத்தைக் கையில் எடுக்கும் முன்பே மரத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது. இதை பிளான் வரைந்து எப்படிக் கற்பீர்கள்?

அளவுகோல்:
நடுவில் நுழைகிறேன், நான் ஸ்ட்ரக்சுரல் ஆள், கட்டடம் நிற்குமா என்று கணக்குப் போடுபவன். மாடல் நிற்கிறது, அதனால் கட்டடமும் நிற்கும் என்று மாணவர்கள் நம்புவதுதான் எனக்குப் பயம். 1:20 அளவில், அதாவது இருபதில் ஒரு பங்காக, மாடல் செய்கிறீர்கள். உண்மை அளவுக்குப் போகும்போது எடை 8000 மடங்காகும், தாங்கும் குறுக்குவெட்டு 400 மடங்குதான் ஆகும். தன் எடையால் வரும் தகைவு (ஒரே அளவு பரப்பின் மேல் விழும் சுமை) 20 மடங்கு ஏறிவிடும். பெரிய உடலைத் தாங்கும் எலும்பு விகிதத்தைவிடத் தடிமனாக வேண்டும் என்று கலிலியோ 1638லேயே வரைந்து காட்டிய விஷயம். கைப்பேசியைத் தாங்கிய காகிதம் உங்களுக்கு வடிவத்தைச் சொல்லும், தடிமனைச் சொல்லாது.

ஆனால் தொங்கும் சங்கிலி வேறு கதை. அதன் வளைவு அளவைப் பொறுத்து மாறாது. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்று ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். (யாரும் திருடிவிடக்கூடாதாம்!) ஸ்பெயினின் கட்டடக்கலைஞர் கௌடி அதையே பிடித்துக்கொண்டு, பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்கு 1:10 அளவில் கயிறு தொங்கவிட்டு, ஈயக்குண்டுப் பைகளைக் கட்டிப் பார்த்தார்.

செங்கோணம்:
ஏறக்குறைய பத்து வருடம் பார்த்தார்! கட்டி முடித்தது அடித்தளக் கோயில் மட்டும். மாணவனுக்குப் பத்து வருடமா இருக்கிறது?

அளவுகோல்:
வேலை நின்றது பணம் நின்றதால், கயிற்றால் அல்ல. ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு புள்ளி தருகிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கக் கம்பி வலைக் கூரைக்கு ஜெர்மன் கட்டடக்கலைஞர் ஃப்ரை ஓட்டோவின் குழு மாடல்களை வைத்துத்தான் வடிவம் தேடியது. கம்பியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்று வந்தபோது மாடலை அளந்து சொல்லும் துல்லியம் போதவில்லை. அதற்காகவே புதிய கணக்கு முறைகளைக் கணினியில் உருவாக்கினார்கள். மாடல் ஓரிடம் வரைதான் கூட்டிப்போகும். ஆனால் அந்த இடத்துக்குக் கணக்கு மட்டும் தனியாகப் போயிருக்காது.

காகிதக்கப்பல்:
இவ்வளவு பேசுவதால் கேட்கிறேன். என் தூண் கதை இது. இழுபடும் துணியைக் குழாய்போலத் தைத்து, தொங்கவிட்டு, பிளாஸ்டர் ஊற்றினேன். கீழே மட்டும் பானைபோல உப்பிவிட்டது. தையல் சரியில்லை என்று நினைத்து, இரண்டு நாள் உப்புத்தாளால் தேய்த்து நேராக்கினேன்.

ஈரமண்:
ஐயோ, தேய்த்துவிட்டாயா! பாடமே அதுதானப்பா. ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்வரை திரவம். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், துணி அதற்கேற்பப் பிதுங்கும். உன் தூணில் இருந்தது அழுத்தத்தின் வரைபடம்.

செங்கோணம்:
ஜூரி பதற்றம் என்றாரே, அது அழுத்தம்! கான்கிரீட் தூணுக்கு ஷட்டரிங் (ஊற்றும் அச்சுப் பலகை) அடிக்கிறவர் கீழ்ப்பக்கம் கிளாம்பை நெருக்கமாகப் போடுவது இதனால்தான். சரி, இந்த ஒரு விஷயத்தில் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டர் உப்பியது ஏன் என்று அந்த நான்கு வாரத்தில் ஒருவராவது இவனைக் கேட்டார்களா என்பதுதான் என் ஆத்திரம். கேட்கவில்லை என்றால் அது கைவேலை வகுப்பு.

ஈரமண்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை சார். கேட்டிருக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
மேப்பிங்கை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். லண்டனில் 1854 காலரா, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களுக்காக வரைபடத்தில் அவர் போட்ட கறுப்புக் கோடுகள். நோய் பரப்பிய தெருக்குழாயை வரைபடம்தான் காட்டிக்கொடுத்தது என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள், வரைபடம் பிறகுதான் வந்தது. வீடு வீடாகக் கேட்டுத்தான் அவர் கண்டுபிடித்தார். வரைபடம் மற்றவர்களை நம்பவைக்க. பின்னால் வரைந்ததில், எந்தெந்த இடத்திலிருந்து அந்தக் குழாய்தான் நடைதூரத்தில் கிட்டம் என்று ஒரு எல்லைக்கோடும் போட்டார். பறவைக்கு அல்ல, நடக்கிறவருக்குக் கிட்டம். இந்த நுணுக்கம்தான் எனக்குப் பிடித்தது.

1748இல் நோல்லி வரைந்த ரோம் வரைபடத்தைப் பாருங்கள். தேவாலயங்களின் உள்பக்கத்தையும் தெருவைப்போல வெள்ளையாக விட்டிருப்பார். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடம் என்றால் அதற்குக் கூரை இருந்தாலும் அவருக்கு அது தெருதான். அது ஒரு வடிவமைப்பு முடிவு.

செங்கோணம்:
நான் பார்க்கும் மாணவ ஷீட்களில் இளஞ்சிவப்பு வட்டங்கள் இருக்கும், "ஒலி அடர்த்தி" என்று தலைப்பு இருக்கும். அடுத்த ஷீட்டில் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டடம்.

வழிப்போக்கன்:
அதற்கு ஒரு எளிய சோதனை. வரைபடத்தை எடுத்துவிட்டால் டிசைனில் எது மாறும்? எதுவும் மாறாது என்றால் அது அலங்காரம். காகிதக்கப்பல், உங்கள் தெருவில் எதை வரைந்தீர்கள்?

காகிதக்கப்பல்:
ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மணிக்கொரு முறை புள்ளி வைத்தோம், நிழலையும் சேர்த்து. நிழல் நகர நகர புள்ளிகளும் நகர்ந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிழலே இல்லை, ஆனாலும் கூட்டம்.

வழிப்போக்கன்:
ஏன் என்று அவர்களைக் கேட்டீர்களா?

காகிதக்கப்பல்:
இல்லை. ஷீட்டில் அது பார்க்க நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம்.

அளவுகோல்:
அடடா.

காகிதக்கப்பல்:
(மூன்று நாள் கழித்து) போய்க் கேட்டேன். அங்கே ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. உயரம் 82 செ.மீ. பையைக் குனியாமல் அதன் மேல் வைத்துவிட்டு நின்று பேசலாம், அதற்காகத்தான் நிற்கிறார்களாம். வெயில் பரவாயில்லை என்றார் ஒரு அம்மா.

செங்கோணம்:
இதை முதலிலேயே ஷீட்டில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்: படிக்கட்டு அளவு?

காகிதக்கப்பல்:
எங்கள் கல்லூரிப் படியை இன்று காலை அளந்தேன் சார். ஏற்றம் (படியின் உயரம்) 16 செ.மீ., மிதி (கால் வைக்கும் அகலம்) 29. மூன்றாவது படி மட்டும் ஏற்றம் 18. எல்லாரும் தடுக்குவது அங்கேதான்.