சைக்கிள் ஓட்டினால் விரல் மரத்துப்போகிறது, என்ன மாற்றலாம்?

வணக்கம். வயது 47, ஊர் நாமக்கல். பனியன் கம்பெனியில் தையல், அப்புறம் சொந்தமாக டிபன் கடை என்று என் வாழ்க்கை பலமுறை தடம் மாறியிருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு இப்போது சைக்கிள். தை மாதம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏற வேண்டும். இந்த ஆசையைக் கைவிட எனக்கு மனசில்லை.

பிரச்சினை இதுதான். ஒரு மணி நேரம் தாண்டினால் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. கடைக்கு வந்தால் தோசைக்கரண்டி கைநழுவுகிறது.

ஆடியில் ஆரம்பித்தது. பழைய கியர் சைக்கிள், நேர் ஹேண்டில்பார், முன்பக்கம் ஷாக் அப்சார்பர் கிடையாது. ஜெல் கிளவுஸ் போட்டேன், டயரில் காற்றைக் குறைத்தேன், பலனில்லை. முன்பக்கம் தாழ்ந்திருந்த சீட்டை மட்டமாக்கியதும் கையில் விழும் பாரம் கொஞ்சம் குறைந்தது. கழுத்தில் கோளாறில்லை, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் அல்னர் நரம்பு உள்ளங்கை ஓரத்தில் அழுந்துகிறது என்றார் டாக்டர். ஓய்வு கொடுத்தால் சரியாகிறது, ஓட்டினால் திரும்பி வருகிறது.

மலையேற்றத்துக்கு ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) மாற்றி ஹேண்டில்பாரை உயர்த்துவதா, கையை மாற்றிப் பிடிக்க அதன் இரு முனையிலும் கொம்பு மாதிரி கூடுதல் பிடி மாட்டுவதா, எதை முதலில் செய்யலாம்?