கறிவேப்பிலைச் சாடிக்கு அடியில் ஊசி மாதிரி நத்தைகள்: குட்டிகளா?

மாடிச்செடி (வெள்ளவத்தை):

வணக்கம். நாங்கள் இருப்பது ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடி. பல்கனியில் ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய்க் கன்று, ஒரு துளசி, அவ்வளவுதான். போன கிழமை மழை விட்ட பிறகு கறிவேப்பிலைச் சாடியை நகர்த்தினால், அடியில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நத்தைகள். வழக்கமாகப் பார்க்கிற உருண்டை நத்தை இல்லை. ஓடு நீட்டி, நுனி கூராக, கோயில் கோபுரத்தைப் படுக்கவைத்த மாதிரி. நீளம் ஒரு பச்சையரிசி மணியை விடக் கொஞ்சம் கூட.

ஒன்பது வயது மகள் ஒன்றை எடுத்து வெள்ளைக் கோப்பையில் விட்டு, மாமா பேப்பர் வாசிக்கிற லென்ஸைக் கொண்டுவந்தாள். ஓடு இளம் தேன் நிறம். கண்ணாடி மாதிரி உள்ளே உடம்பு மஞ்சளாகத் தெரிகிறது. நடுச் சுற்றில் வரிசையாக நாலு வெள்ளை மணிகள், வேகாத சவ்வரிசி போல. புழு ஏதும் உள்ளே போய்விட்டதோ என்று எனக்குப் பயம்.

மாமா சொல்கிறார், இவை பெரிய ஆபிரிக்க நத்தையின் குட்டிகள், இப்போதே உப்புப் போடு என்று. கீழ் வீட்டு மதிலோரம் ஒரே இரவில் பப்பாளிக் கன்றைத் தின்று முடித்த நத்தை அது, எனக்கும் தெரியும். ஆனால் உப்பு என்றதும் மகள் அழத் தொடங்கிவிட்டாள். குட்டிதானா இவை? மூன்றாம் மாடிக்கு எப்படி ஏறின? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்ணும்ஓடும்:

அக்கா, உப்பை எடுத்து உள்ளே வையுங்கள். உப்புப் பட்டால் நத்தையின் உடம்பு நீர் முழுவதும் வெளியேறிச் சாகும், கறிவேப்பிலையின் வேரும் கெடும்.

உங்கள் மகள் பார்த்த வெள்ளை மணிகள் முட்டைகள். முட்டை சுமக்கிற நத்தை எப்படிக் குட்டியாகும்? அது வளர்ந்து முடிந்த தாய்.

நத்தை ஓட்டைக் கழற்றி மாற்றுவதில்லை. முட்டைக்குள் இருந்தபோது உண்டான சின்ன ஓடு அப்படியே நுனியில் இருக்கும். பிறகு வாயோரத்தில் சுண்ணாம்பு சேர்த்துச் சேர்த்துச் சுற்றிக்கொண்டே வரும். அதனால் சுற்றை எண்ணினால் வளர்ந்ததா குட்டியா என்று பிடிபடும். ஆபிரிக்க நத்தைக் குட்டி முட்டையை விட்டு வரும்போதே 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் அது உருண்டையாக, இரண்டு மூன்று சுற்றோடுதான் இருக்கும். உங்களுடையதை நுனியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். செத்த ஓடு ஒன்று மண்ணில் கிடக்கும், வெள்ளையாகிப் போயிருக்கும். அதன் வாய்க்குள் லென்ஸை வைத்து, சுற்றுகளுக்கு நடுவே அச்சுப்போல ஓடுகிற நடுத்தண்டைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் கத்தரியால் வெட்டினாற்போல் முடிந்தால் அது சுபுலினா ஒக்டோனா என்ற இனம். அது இன்னும் நீளமாகவும் வளரும். வெட்டு இல்லாமல் வாயோரத்தோடு வழுக்கிக்கொண்டு சேர்ந்தால் அல்லோபியஸ் கிராசிலே என்ற இனம். இரண்டும் நம் நாட்டில் உண்டு, இரண்டும் வெளியிலிருந்து வந்தவை என்றுதான் கணக்கு.

மாடிக்கு அவை ஏறவில்லை. நீங்கள் கன்று வாங்கிய பையின் மண்ணோடு வந்திருக்கும். ஹட்டன் என்பவர் 1834இல் இந்தியாவில் கிடைத்த ஓட்டை வைத்து கிராசிலேயை விவரித்தார். இன்று வெப்பநாடுகள் எங்கும் அது இருப்பது இப்படிச் சாடிகளில் பயணம் செய்துதான். இந்த வகை நத்தை ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். இந்தக் குடும்பத்தில் துணையில்லாமல் தானே கருவூட்டி முட்டையிடுகிற இனங்களும் உண்டு. ஒன்று வந்தாலே ஒரு சாடிக்குப் போதும்.

மாடிச்செடி:

எண்ணினோம்! மகள் மூன்று தரம் எண்ணினாள், ஏழரைச் சுற்று. செத்த ஓடு துளசிக்குக் கீழே கிடைத்தது. நடுத்தண்டில் வெட்டு இல்லை, வழவழவென்று போய்ச் சேர்கிறது. அப்போ கிராசிலே. கறிவேப்பிலைச் சாடியில்தான் அதிகம், மற்றதில் ஒன்றிரண்டு. செடியைத் தின்னுமா?

மண்ணும்ஓடும்:

பெரும்பாலும் உக்கிய இலையும் பாசியும்தான் அதன் சாப்பாடு. கறிவேப்பிலைக்குப் பயமில்லை. அந்தச் சாடிக்கு முட்டைக்கோது போடுவீர்களா? ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், அது இருக்கிற இடத்தில் கூடும்.

ஒரு கவனம் மட்டும் சொல்கிறேன். தரைநத்தைகள் எலியிலிருந்து வரும் ஒரு புழுவைச் சுமக்கக்கூடும், அது மனிதரின் மூளைவரை போகும். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், சமைக்காமல் உண்கிற இலைகளை நன்றாக அலச வேண்டும். பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சுமார் 250 இனத் தரைநத்தைகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நாலு பங்கு வேறெங்கும் இல்லாதவை. சிங்கராஜ மழைக்காட்டில் மரத்தில் ஊருகிற அக்காவஸ் நத்தையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வடிவு என்று தெரியும். அவை காடு போனால் போய்விடும், நம் சாடிகளில் வந்து பிழைக்காது. கிராசிலேயைப் பார்த்துப் பழகுகிற பிள்ளை ஒருநாள் அவற்றையும் தேடிப்போகும் என்று நம்புகிறேன். அப்புறம், உங்களுடையதை உலகத்திலேயே சின்னது என்று நினைக்க வேண்டாம். வியட்நாமில் 2022இல் விவரித்த அங்குஸ்டோபிலா சம்மியோன் என்ற நத்தை உயரத்தில் அரை மில்லிமீட்டர்தான்.

கொட்டாஞ்சேனை_பெரியவர்:

பிள்ளை, ஓட்டின் நுனியை மேலே பிடித்து வாயை உன் பக்கம் திருப்பு. வாய் வலப்பக்கம் வரும். உலகத்து நத்தைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். நாம் பூசையில் வைக்கிற வலம்புரிச் சங்கை இதேபோலப் பிடித்தால் வாய் இடப்பக்கம் வரும், அதனால்தான் அது அவ்வளவு அரிது. நுனியைக் கீழே வைத்துப் பிடிக்கிற நம் வழக்கத்தில் பார்த்து அதை வலம்புரி என்கிறோம். சங்கு அறுத்து வளையல் செய்த காலத்திலிருந்து வருகிற பேச்சு இது. உன் மகளுக்குக் காட்டு.

மாடிச்செடி:

ஐயா, காட்டினேன், வலப்பக்கம்தான். முட்டைக்கோது நான்தான் போடுவது, வேரடியில் நொறுக்கி. மாமாவும் உப்புப் பேச்சை விட்டுவிட்டார், இப்போது லென்ஸ் அவர் கையில்தான்.

இன்று காலை அவர்தான் கண்டுபிடித்தார். உக்கிய இலை ஒன்றின் அடியில், கடுகை விடச் சின்னதாக ஒன்று. இரண்டே சுற்று. இதுதான் குட்டி.