அப்பாவின் மெஷினும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

கித்தாக்காட்டுப் பையன், சுங்கை சிப்புட்

அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. இளவயதில் தோட்டத்தில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை, அதோடு நாற்பது வருடச் சுருட்டு. வீட்டில் ராத்திரிக்குப் பெரிய ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. வெளியே போக வர, தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது.

வாங்கிய புதிதில் தினமும் ஒரே கேள்வி: "இதிலே கேஸ் எப்ப தீரும்? தோங்கை எங்கே மாத்துறது?" தோங் என்றால் கேஸ் சிலிண்டர். இதில் தோங்கே கிடையாது, நம் வீட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது, உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மிச்சம் 90 விழுக்காட்டை ஒட்டிய ஆக்சிஜனாக மூக்குக்கு வருகிறது என்று விளக்கினேன். "அப்போ நம்ம வீட்டுக் காத்து சுத்தமா இருக்கணுமே" என்றார். அன்றைக்கே அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இரண்டு மாதத்துக்கு முன்பு முதல்முறையாகப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஃபில்டரைப் பார்த்தேன். கறுப்புப் பஞ்சு என்று நினைத்திருந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலால் தட்டினால் பவுடர் பறக்கிறது. முகர்ந்தால் பாதி குட்டிக்கூரா, பாதி சாம்பிராணி. அப்பா குளித்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் பவுடர் போடுவார். அம்மா வெள்ளிக்கிழமை தூபக்காலை அறை அறையாகக் கொண்டுபோவார். எல்லாம் நேராக உள்ளே.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசினேன். அதுவரை சரி. அன்றைக்கு மழை, ஃபில்டர் காயவே இல்லை. மறுநாள் கல்யாணத்துக்குப் போகணும் என்று அப்பா அவசரப்படுத்தினார். துண்டில் வைத்துப் பிழிந்து, தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்து மாட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் மஞ்சள் விளக்கு, கூடவே பீப் பீப். பயந்துபோய் அப்பாவைப் பெரிய மெஷினுக்கு மாற்றினோம். கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை.

ஈப்போவில் பழுது பார்க்கிறவர் ஃபில்டரைக் கையில் அமுக்கிக் காட்டினார். விரலில் ஈரம். ஜியோலைட்டுக்கு ஈரம்தான் எமன் என்றார். நல்லவேளை, உள்ளே பாதிப்பு இல்லை. இப்போது இரண்டு ஃபில்டர். வாரம் ஒருநாள் ஒன்றைக் கழுவிச் சாசரில் நிழலில் வைத்துவிட்டு, காய்ந்திருக்கும் இன்னொன்றைப் போடுகிறேன். உங்கள் வீட்டில் எப்படி?

செம்பனைச் சாலை

தம்பி, எங்கள் அம்மா கதை இதைவிடப் பெரிது. மெஷினில் தூசி படக்கூடாது என்று பழைய திரைச்சீலையை வெட்டி அழகாக உறை தைத்துவிட்டார்கள், ஓரத்தில் ஜரிகை வேறு. காற்று போகிற வழி, வருகிற வழி இரண்டும் அடைபட்டு மெஷின் அடுப்புமாதிரி சூடாகி நின்றுவிட்டது. கடைக்காரர் கொடுக்கும் பையில் வலைத்துணி ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று, மூக்கு டியூப். மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தோம், டியூபை மறந்துவிட்டோம். மஞ்சளாகி, நுனி விறைத்து, மூக்கில் புண். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று, சளி பிடித்து விட்டால் உடனே புதுசு. புண்ணுக்கு அம்மா கோடாலித் தைலம் தடவிக்கொள்கிறார்கள், சொன்னால் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்)

அந்தத் தைலத்தை இன்றைக்கே எடுத்து ஒளித்து வையுங்கள் ஐயா. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய், தைலம், வாஸ்லின் எதுவும் மூக்குப் பக்கம் போகக்கூடாது, தீப்பிடித்தால் முகத்தோடு போய்விடும். தண்ணீர் கலந்த ஜெல் பார்மசியில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, கொசுவத்தி எல்லாவற்றிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி உட்காரட்டும். சுருட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தம்பி, எல்லா ஃபில்டரையும் கழுவ முடியாது. பஞ்சுபோல இருப்பதைத்தான் கழுவலாம். காகிதம்போல மடிப்பு மடிப்பாக இருப்பதைக் கழுவினால் கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும். மேலே துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள். 2019 புகைமூட்டத்தின்போது வாரத்துக்கு இரண்டு தடவை கழுவச் சொல்லியிருந்தோம், அப்படியும் கறுத்துத்தான் வந்தது.

சின்ன மெஷினுக்குத் தண்ணீர்ப் புட்டி மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று விடுகிற மெஷினுக்கு அது வேண்டாம். பெரிய மெஷினுக்கு மாட்டினால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம், பயணம் இல்லை என்று மாதக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சும்மா கிடந்தால் ஈரம் உள்ளே ஏறும், பேட்டரியும் படுத்துவிடும். அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவதும் கூடாது.

கித்தாக்காட்டுப் பையன்

நன்றி அக்கா. கடைசியில் பெரிய சண்டை சாம்பிராணிக்குத்தான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் காட்டாமல் எப்படி என்று அம்மா இரண்டு வாரம் பேசவில்லை. இப்போது வாசலில் காட்டிவிட்டு, வீட்டைச் சுற்றி வெளியே ஒரு நடை போய் வருகிறார். அப்பா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, "வாசனையே வரலையே" என்று குறைப்படுகிறார். ஃபில்டர் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாசரில் இருப்பதை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் திரும்பச் சாசருக்கே போய்விடும்.