மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டில் உள்ள குடும்பக் காட்சிகளைத் தெளிவு குறையாமல் வட்டில் சேமிப்பது எப்படி?

மறையூர்க்காரன் (மூணாறு):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய காம்கார்டரில் எடுத்த மினி டிவி கேசட்டுகள் ஓர் அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. தங்கையின் சடங்கு, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) மேலே இருக்கும் மாரியம்மன் கோயில் திருவிழா, 2006-இல் இரவிகுளத்துச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது உறவினர் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தது என எங்கள் வீட்டின் பல ஆண்டுகள் அவற்றில்தான் உள்ளன.

முன்பு ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். மூன்று கேசட்டுகளை ஒரே வட்டில் அடக்கிக் கொடுத்தார்கள். காம்கார்டரைத் தொலைக்காட்சியோடு இணைத்து ஓட்டினால் குறிஞ்சிப் பூங்கொத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன. வட்டிலோ அதே சரிவு ஊதா நிறக் கட்டங்களாகக் கலங்கிவிடுகிறது. யாராவது கையை வீசி நடந்தால் உருவம் முன்னும் பின்னும் துள்ளுகிறது. கேசட் பழுதாகிவிட்டதா, மாற்றிய முறை தவறா? அம்மா தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்படியும், படம் கெடாமலும் சேமிக்க வழி சொல்லுங்கள்.

ஒளிப்பதிவாளர் (போடிநாயக்கனூர்):
தம்பி, காம்கார்டரில் படம் தெளிவாக ஓடும்போது கேசட்டின் மீது பழி சொல்ல முடியாது. இரண்டு குறைகளும் மாற்றிய விதத்தில் வந்தவை.

முதலில் கட்டங்களைப் பார்ப்போம். மினி டிவி கேசட்டில் படம் நொடிக்கு 25 மெகாபிட் வீதம் பதிவாகியிருக்கிறது. டிவிடி வீடியோவில் படத்துக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட்தான் அனுமதி, அதையும் 4.7 ஜிபி வட்டில் மூன்று மணி நேரத்துக்குப் பங்கிட்டால், ஒலியும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 3.5 மெகாபிட்தான் மிஞ்சும். மண்டபத்தில் ஒருவர் நின்று பேசும் காட்சியை அந்த வீதம் ஓரளவு தாங்கும். ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் காற்றில் அசையும் மலைச்சரிவு அதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு பிரேமிலும் எல்லா இடமும் மாறுவதால், பிட் போதாத மென்பொருள் நுணுக்கங்களை வழித்து எடுத்துவிட்டுக் கட்டங்களைத்தான் விட்டுவைக்கும். மூணாற்று மூடுபனிக்கும் இதே கதிதான். வெண்மையின் மெல்லிய ஏற்றஇறக்கம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ஆகவே ஒரு வட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, படத்துக்கு 8 மெகாபிட் கொடுங்கள். உச்ச வரம்பையே தொட்டால், வீட்டில் எழுதிய வட்டுகளில் சில பழைய பிளேயர்கள் திக்கித் திக்கி ஓடும்.

அடுத்தது துள்ளல். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 முழுப் படங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளுமாக இரண்டு புலங்களாகப் பிரிந்திருக்கும். மினி டிவியில் கீழ்ப்புலம் முதலில் வரும். டிவிடியாக்கும் மென்பொருளில் மேற்புலம் முதல் என்று குறித்துவிட்டால் காலவரிசை தலைகீழாகி, நடக்கும் ஆள் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாகத் தெரிவார். கீழ்ப்புலம் முதல் என்று குறித்து, கையசைக்கும் ஒரு சிறு துண்டை மட்டும் மாற்றித் தொலைக்காட்சியில் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு முழுக் கேசட்டையும் மாற்றலாம். புலங்களை ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை டிவிடிக்குப் பயன்படுத்த வேண்டாம். அசைவின் வழவழப்பில் பாதி போய்விடும். காம்கார்டரில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருந்தால் 48-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிவிடிக்கு அதுதான் வேண்டும்.

இத்தனையும் அம்மா பார்ப்பதற்கான பிரதிக்கு. உண்மையான சேமிப்பு வேறு. காம்கார்டரிலிருந்து ஃபயர்வயர் (எண் தகவலை அப்படியே கடத்தும் இணைப்பு) கம்பி வழியாகக் கணினியில் இறக்கினால், கேசட்டில் உள்ள எண் தகவல் அப்படியே ஏவிஐ கோப்பாக வந்துவிடும். இழப்பு ஏதும் இல்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். டிவிடியாக மாற்றினால் அந்தக் குறிப்பு தங்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை யுஎஸ்பி கருவியில் சொருகி எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். எண்முறைப் படத்தை அனலாகாக்கி மறுபடி எண்ணாக்கும் வீண் வேலை அது. மேசைக் கணினி இருந்தால் ஒரு ஃபயர்வயர் அட்டை போதும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
ஐயா சொன்னவற்றோடு ஒன்று. உங்கள் ஊரின் ஆடி மாத ஈரத்தில் கேசட்டுகள் இருந்திருக்கின்றன. ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்பொடி போலவோ நூல் போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல காம்கார்டரில் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமானவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்தவுடன் ஓட்டாமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். எல்பி முறையில் (நாடாவை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம் பதியும் முறை) பதிவானவை இருந்தால், பதிவு செய்த அதே காம்கார்டரில்தான் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். ஆகவே அது இயங்கும்போதே அவற்றை முதலில் இறக்கிவிடுங்கள்.

மறையூர்க்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஏவிஐ கோப்புகளை எந்த வட்டில் வைப்பது?

ஒளிப்பதிவாளர் (போடிநாயக்கனூர்):
ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 13 ஜிபி வரும். சாதாரண டிவிடியில் இருபது நிமிடம்தான் அடங்கும் என்பதால் ப்ளூ-ரே வட்டே ஏற்றது. 25 ஜிபி வட்டில் இரண்டு முழுக் கேசட்டுகள் நூலிழையில் அடங்காமல் போகும். 50 ஜிபியில் மூன்று தாராளமாக அடங்கும். வாங்கும்போது எல்டிஎச் (LTH) என்று குறித்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் பதிவு அடுக்கு டிவிடியைப் போலக் கரிமச் சாயத்தால் ஆனது, வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் எளிதில் தளர்வது. வட்டு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்: சோனி நிறுவனம் எழுதத்தக்க ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது.

மிதமான வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்ப்பு வசதியை ஓட்டுங்கள். வட்டின் மீது ஒட்டுத்தாள் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மலைக்குக் கீழே உலர்ந்த ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அதே கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும்.